உள்குத்தகைக்குள் உள்குத்தகை: வங்காளத்தின் பத்தனித் தாலுக்கா

உள்குத்தகை என்ற சொல் நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், தாம் ஏர் பிடிக்காமல் இன்னொருவரிடம் விட்டுவிடுவார். நாம் பிழைக்க வந்த இந்த வங்காளத்திலோ அது கை மாறி, கை மாறி எங்கேயோ போய்விட்டது, அன்பர்களே!

1793-இல் காரன்வாலிஸ் பிரபு நிரந்தர நிலவரியைக் கொண்டுவந்தார். குடிகளின் வாரத்தில் 11-இல் 10 பங்கு கம்பெனிக்கு என்று கணக்கு. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போய்விடும். பழைய ஜமீன்கள் பல அப்படித்தான் போயின.

பர்த்வான் மகாராஜா தேஜ்சந்த் தப்பித்துக்கொண்டார். அவர் போட்ட கணக்கு என்னைப் போன்ற வியாபாரிக்குச் சட்டென்று புரியும். ஜமீனைத் துண்டு துண்டாக்கி, 'சலாமி' என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, மாறாத வாரத்துக்கு வாரிசுரிமையோடு விட்டார். இதுதான் பத்தனி. (பத்தினி என்று படித்துவிடாதீர்கள்.) பாக்கி வைத்தால் பத்தனிதாரின் தாலுக்கா ஏலத்துக்கு வரும். தம் தலைக்கு மேல் தொங்கிய கத்தியை அடுத்தவர் தலைக்கு மாற்றிவிட்டார்! 1819-ஆம் வருஷத்து 8-ஆம் ரெகுலேஷன் இதை அங்கீகரித்தது.

பத்தனிதார் மட்டும் சும்மா இருப்பாரா? அவருக்குக் கீழே தர்பத்தனிதார், அவருக்கும் கீழே சேபத்தனிதார். பாக்கர்கஞ்சில், அதாவது இன்றைய பரிசால் பக்கம், இது இன்னும் மோசம். அங்கே காடு வெட்டிக் கழனியாக்க முதல் போட ஆள் தேவைப்பட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காடு போன பிறகும் கைகள் போகவில்லை. சில இடங்களில் ஜமீன்தாருக்கும் உழவனுக்கும் நடுவே ஐம்பது பேருக்கு மேல் இருந்ததாக 1930-இல் சைமன் கமிஷன் எழுதியது.

வியாபாரத்தில் சப்-ஏஜென்ட் சரக்கையாவது கொண்டுபோய்ச் சேர்ப்பான். இங்கே ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். அத்தனையும் உழுகிறவன் தலையில்தான் விடிந்தது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு 1290-இலேயே இதற்குத் தடை போட்டுவிட்டார். நிலத்தை விற்கலாம், வாங்குகிறவர் விற்றவரின் இடத்தில் நின்று அதே பிரபுவுக்குக் கட்டுப்பட வேண்டும், நடுவே புதிய படி கூடாது. அங்கே பிரபுக்களுக்கு நஷ்டம் என்பதால் தடை. இங்கே வரி ஒழுங்காக வந்ததால் அனுமதி!

ஃப்ளவுட் கமிஷன் 1940-இல் ஜமீன்தாரியையே ஒழிக்கச் சொன்னது. கிழக்கு வங்காளத்தில் 1950-இலும் இங்கே 1953-இலும் சட்டம் வந்தது. கடைசிக் கையான பர்காதாரின் பெயர் நில ஏட்டில் பெருவாரியாக ஏறத் தொடங்கியது 1978-இல்தான்.