விருந்தேற்கும் வளையங்கள்

எல்கடுவ மலைத் தேயிலைக்குப் பசுமை ஈவது பச்சையம். அதன் பெருவளையத்து நடுவே நான்கு நைதரசன் அணுக்கள் ஒரு மகனீசியத்தைப் பற்றி நிற்கும். கொழுந்து உலரும் சூட்டில் மகனீசியம் நீங்கப் பசுமையும் மறைகிறது.

இங்ஙனம் உலோகத்தை நடுவில் இருத்தும் புதுவகை வளையமொன்று 1962இல் அமெரிக்கத் தூப்பொன் நிறுவனத்திலே தற்செயலாய்த் தோன்றியது. சார்ள்சு பெடர்சன் வேறொன்றை நாடிச் செய்த வினையில் 0.4 சதவீதமே வெண்படிகம் கிடைத்தது. மாசென்று எறியத்தக்க அதனை அவர் எறிந்தாரல்லர். ஆறு ஒட்சிசன் அணுக்களைக் கொண்ட அவ்வளையம், பொற்றாசிய அயனைத் தன்னுள் ஏற்றது; முடியீதர் எனப் பெயர் பெற்றது. 1967இல் ஆய்வு வெளியாயிற்று. இத்தகு வளையத்தை விருந்தோம்புநர் என்றும், உட்புகுவதை விருந்தினர் என்றும் வழங்கியவர் தொனால்ட் கிராம். அவரோடும் சான்-மரி லேனோடும், கலாநிதிப் பட்டமே பெறாத பெடர்சன் 1987இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.