ஏரி மீனும் ஊர்க் காவலும்

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் சாலை வழியே ரமணாசிரமத்தை நோக்கிச் செல்வோர், வழியிலும் அருகிலும் நீர்நிலைகள் பலவற்றைக் காண்பர். ஆசிரமத்தை ஒட்டிப் பாலி தீர்த்தம் உள்ளது. சாலையோரத்தே சிம்ம தீர்த்தம் உள்ளது. அப்பகுதியிலேயே சமுத்திரம் என்னும் பெயர் தாங்கி அகன்று கிடக்கிறது ஓர் ஏரி. மழை பொய்த்த ஆண்டில் அந்த ஏரி வெடித்த களிமண்ணாய்க் கிடக்கும். மழை பெய்த ஆண்டில் பெயருக்கேற்பக் கடல்போல் விளங்கும்.

கோயிற் குளத்து மீனுக்குப் பொரி இடுவது நம் வழக்கம். அந்தக் குளத்தில் தூண்டில் போட யாரும் துணிவதில்லை. துணிந்தாலும் படித்துறையில் நிற்கும் பாட்டியின் ஒரு சொல்லே அவனைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஏரி மீன் அத்தகையதன்று. அது பிடிப்பதற்கும் விற்பதற்கும் உண்பதற்கும் உரியது. குளத்து மீனைக் காப்பது பக்தி. அங்ஙனமாயின், ஏரி மீனை இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்து வந்தது யாது? உரிமையில்லாதவன் வலை வீசாமலும், உரிமையுள்ளவனே பேராசையால் குஞ்சையும் சேர்த்து அள்ளாமலும் பார்த்துக்கொண்டவர் யாவர்? இக்கேள்விக்கு வரலாறு கூறும் விடையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தொண்டை நாடும் நடுநாடும் வற்றாத பேராறுகள் பாயும் நாடுகள் அல்ல. ஆண்டில் சில மாதங்கள் பெய்யும் மழையைக் கரை கட்டித் தேக்கி வைத்தாலன்றி இங்கே நெல் விளையாது. ஆகவேதான் ஊர்தோறும் ஏரி எழுந்தது. ஏரியை வெட்டுவது ஒரு தலைமுறையின் வேலை; அதைக் காப்பதோ எல்லாத் தலைமுறைகளுக்கும் உரிய வேலை. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு பழுதுபடும், கலிங்கு இடியும். இவற்றைச் செப்பனிடப் பொருள் எங்கிருந்து வரும்?

நம் கல்வெட்டுகளில் மீன்பாட்டம் என்றும் பாசிப்பாட்டம் என்றும் இரு சொற்கள் வருகின்றன. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்காகவும், நீரில் விளையும் பாசி முதலியவற்றுக்காகவும் செலுத்தப்பட்ட தொகையை அவை குறிக்கும். அவ்வருவாயை ஏரிப் பணிக்கே செலவிடும் வழக்கமும் இருந்தது. அதாவது, ஏரி தன் மீனைக் கொடுத்துத் தன் கரையைத் தானே செப்பனிட்டுக்கொண்டது. இதை மனத்திற் கொண்டால், இரவில் திருட்டுத்தனமாக ஏரியில் வலை வீசியவன் எதைத் திருடினான் என்பது விளங்கும். அவன் கூடையிலே துள்ளியது மீனாகத் தோன்றினும், அவன் எடுத்துச் சென்றது ஏரிக்கரையின் மண்ணையே.

ஏரியைக் கண்காணிக்க ஊரார் அமைத்த ஏற்பாட்டுக்கு உத்தரமேரூர் சிறந்த சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து இரு கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை, அங்கே உள்ளன. வைரமேக தடாகம் என்னும் பேரேரியை உடையது அவ்வூர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுடன், ஏரிக்கென்றே ஆறு உறுப்பினர் கொண்ட ஏரி வாரியமும் அங்கு இயங்கிற்று. உறுப்பினர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பதவிக் காலம் 360 நாள். முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தேர்வுக்கு நிற்கலாகாது; பிறர் பொருளைக் கவர்ந்தவரும் நிற்கலாகாது. ஏரியைக் காக்க வருபவன் முதலில் தன் கையைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்று அவ்வூரார் கருதினர்.

ஆயினும் இந்தப் பெருமையை அளவறிந்து பேசுதல் நலம். உத்தரமேரூர் ஓர் அந்தணர் ஊர். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே குடவோலையில் இடம் கிடைத்தது. ஏரிக்கரையில் நள்ளிரவில் விழித்திருந்தவர்கள் அவர்கள் அல்லர். மதகைத் திறந்து மூடி, ஒவ்வொரு வயலுக்கும் நீர் பாய்ச்சும் பொறுப்பு நீர்கட்டி என்றும் மடையர் என்றும் வழங்கப்பட்ட எளிய மக்களிடம் இருந்தது. ஊரில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த குடிகளில் பிறந்தவர்களே பல ஊர்களிலும் இப்பணியைச் செய்தனர். கரையில் உடைப்பு எடுத்ததை முதலில் கண்டவரும், அயலான் இறங்கிய காலடியை முதலில் அறிந்தவரும் அவர்களே. வாரியத்தின் விதிகள் கல்லில் நின்றன. அவ்விதிகளைக் கண்ணிமைபோல் காத்தவர்கள் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

வாரியமும் கல்வெட்டும் இல்லாத ஊர்களிலும் மீனுக்குக் காவல் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் இன்றும் நடைபெறும் மீன்பிடித் திருவிழாவை நேயர்களிற் பலர் அறிந்திருக்கலாம். அறுவடை முடிந்து, கோடையில் கண்மாய் நீர் வற்றும் வரையில் அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. குறித்த நாளில் சுற்றுப்புற ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரள்வர். ஊத்தாவும் கச்சாவும் வலையும் கையிற் பிடித்து, கரையெங்கும் ஆணும் பெண்ணும் சிறுவரும் வரிசையாக நிற்பர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அனைவரும் ஒருசேர நீரில் இறங்குவர். கெளுத்தியோ கெண்டையோ விராலோ, அகப்பட்டது அவரவர்க்கு. அம்மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து உண்பதே மரபு. முதல் நாள் இரவு ஒருவன் களவாகப் பிடித்தால், மறுநாள் காலையில் ஊர் முழுவதும் இழக்கும். எனவே அங்கே காவலர் என்று தனியே எவரும் வேண்டுவதில்லை; பங்குடையவர் அனைவரும் காவலரே.

இனி, இக்காவல் எவ்வாறு தளர்ந்தது என்பதைக் காண்போம். ஆங்கிலேயர் ஆட்சியில் இரயத்துவாரி முறை வந்தது. நீர்நிலைகள் அரசாங்கத்தின் உடைமையாயின. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து குன்றியது. 1858-ஆம் ஆண்டில் உடைப்பு முதலிய ஆபத்துக் காலங்களில் உழைக்குமாறு மக்களைக் கட்டாயப்படுத்தவே ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. தானாக வந்து மண் சுமந்தவனைச் சட்டம் காட்டி அழைக்கும் நிலை வந்தது என்றால், உரிமை கைமாறியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மீனின் நிலையும் அதுவே. சென்னைப் படையில் மருத்துவராயிருந்து மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்பார், இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்வளம் பற்றி 1873-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். சிறு கண் வலைகளால் குஞ்சுகள் அழிவதையும், நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தோ நஞ்சிட்டோ மீனைக் கொல்பவனுக்கு இரண்டு மாதம் வரை சிறையோ 200 ரூபாய் வரை அபராதமோ விதிக்க அது வழி செய்தது. அச்சட்டத்தில் கருதத்தக்க ஒரு பகுதி உண்டு. தன் கண்ணெதிரே குற்றம் செய்து, பெயரும் முகவரியும் கூற மறுப்பவனைப் போலீசார் மட்டுமன்றி, அரசாங்கத்தால் அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்ட பிறரும் பிடிக்கலாம் என்று அது கூறியது. எண்ணிறந்த ஏரிகளுக்கும் நெடுங்கடற்கரைக்கும் போலீசார் மட்டும் போதார் என்பதைச் சட்டம் எழுதியவர்களே உணர்ந்திருந்தனர் போலும்.

ஆனால் சட்டம் தண்டனையைத் தந்ததேயன்றிப் பங்கைத் தரவில்லை. பழைய மீன்பாட்டமும் பாசிப்பாட்டமும் இன்று மீன்பாசிக் குத்தகை என்னும் பெயரில் வாழ்கின்றன. சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. குத்தகைத் தொகை ஏரியின் கரைக்கே திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. குத்தகையை எடுப்பவர் வெளியூர் வணிகராகவும் இருக்கலாம். மீனை எளிதில் அள்ளுவதற்காக நீரை வெளியேற்றிவிடுகிறார் என்று உழவர் முறையிடுவதும், வேலியே பயிரை மேய்கிறது என்று ஊரார் வெகுள்வதும் பல மாவட்டங்களிலும் கேட்கும் குரல்கள். தனக்குப் பங்கில்லாத மீனைத் தான் ஏன் காக்கவேண்டும் என்று ஒருவன் கேட்டால், அதற்கு நாம் என்ன விடை கூறுவோம்?

ஏரியிற் கண்ட இவ்வுண்மையைக் கடலிலும் காணலாம். கடலுக்குக் கரை கட்ட இயலாது. ஆயினும் ஒழுங்கு கட்ட இயலும். பழவேற்காட்டு ஏரி மீனவரிடையே பாடு என்னும் முறை உண்டு. இறால் மிகுதியாக அகப்படும் இடங்களை முறைவைத்துச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்வர். முறை தவறி வலை கட்டுபவன் ஊருக்குப் பதில் சொல்லவேண்டும். உத்தரமேரூர்க் குடத்தில் இட்ட ஓலை இங்கே சீட்டாக வருகிறது. அக்குடத்தைப் போலவே இந்தப் பாட்டுக்கும் வெளியே நிற்பவர் உண்டு. உரிமை மறுக்கப்பட்டவர்களால் பூசல்களும் எழுந்துள்ளன. சோழமண்டலக் கரை நெடுகிலும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள், கேடு விளைவிப்பவை எனத் தாங்கள் கருதிய வலைகளைத் தாங்களே தடுத்து வந்தன.

1960-களுக்குப் பின் விசைப்படகுகள் பெருகின. கட்டுமரத்தின் வலையை இழுவைப்படகு அறுத்துச் சென்றது. கரையில் மோதல்கள் மூண்டன. அதன் பயனாக 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் எழுந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள பகுதி நாட்டுப் படகுகளுக்கு என ஒதுக்கப்பட்டது. 2001 முதல் கிழக்குக் கரையில் ஆண்டுக்கு 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் விதிக்கப்பட்டது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. இவ்விதிகளை ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு மைலிலும் நிறைவேற்ற எந்த அரசாங்கத்திடமும் போதிய படகுகள் இல்லை. தூரத்தில் ஒலிக்கும் எந்திரத்தின் ஓசையைக் கேட்டே அது எவ்வகைப் படகு என்று கூறவல்லவன் கட்டுமரத்து மீனவன். அவன் சொன்னாலன்றி அதிகாரிக்குச் செய்தி எட்டாது.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே வெடி வைத்துப் பவளப் பாறையையும் மீனையும் ஒருங்கே சிதைத்த கொடுமையை நாடு அறியும். பிற்காலத்தில் கரையோரச் சிற்றூர்களில் கடல்வளம் காக்கும் மன்றங்கள் அமைக்கப்பட்டன. பாக் விரிகுடாவில் வலையில் அகப்பட்ட கடற்பசுவை வலையை அறுத்து நீரில் விடுவதும், உடனே வனத்துறைக்குத் தெரிவிப்பதும் மீனவர் தாமே செய்யும் தொண்டாயின. 2022-இல் அங்கே கடற்பசுக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாளே கடலில் இறங்குவது என்று தமக்குள் வரையறை செய்துகொண்டனர். அவர்களுள் ஒருவரான இலட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. மீன்பாட்டத்தோடு பாசிப்பாட்டத்தையும் எழுதிய முன்னோர் இதைக் கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்கள்.

எனினும், ஊர்க் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. கண்டதைக் கூறுவது வேறு. கண்டவனைக் கட்டிவைத்து அடிப்பது வேறு. அயலூரான் என்பதற்காகவோ தாழ்ந்த குடியினன் என்பதற்காகவோ ஒருவன்மேல் பழி சுமத்திய நிகழ்ச்சிகளை நம் ஊர்கள் அறியாதவை அல்ல. தொண்டர் செய்யத்தக்கது, நாளும் நேரமும் இடமும் படகின் எண்ணும் குறித்துக்கொண்டு உரியவரிடம் அறிவிப்பதே. கண் ஊராருடையதாக இருக்கட்டும். கை சட்டத்தினுடையதாக இருக்கட்டும். அதுபோலவே, கூறியவனைக் காட்டிக்கொடுக்காமல் காப்பதும், கூறிய செய்தியைக் கிடப்பில் போடாமல் விசாரிப்பதும் அதிகாரிகளின் கடமை. ஒருமுறை சொல்லிப் பயனில்லை என்று கண்டவன் மறுமுறை வாய் திறவான்.

நேயர்களே, நாம் தொடங்கிய இடத்திற்கே திரும்புவோம். மழை பெய்து சமுத்திரம் ஏரி நிரம்பும் ஆண்டில், மலையின் நிழல் அந்நீரில் விழும்; மீனும் பெருகும். அந்த மீனை ஆசிரமத்துக்கு வரும் அன்பர் நோக்கும் கண் வேறு. வலைஞர் நோக்கும் கண் வேறு. உழவர் நோக்கும் கண் வேறு. காவலுக்கு இம்மூன்று கண்களும் வேண்டும். ஆனால் அக்கண்கள் விழித்திருக்கவேண்டுமாயின், ஏரி தமக்கும் உரியது என்ற எண்ணம் கரையில் வாழும் கடைசிக் குடிசை வரை சென்று சேரவேண்டும். மீனின் வருவாயில் ஒரு பங்கு கரைக்கும், ஒரு பங்கு காப்பவனுக்கும் சேரும் நாளில், காவலுக்கு ஆள் தேடி நாம் அலையவேண்டுவதில்லை.