நிற்காத விக்கலும் நரம்பு நோயாக இருக்கலாம்: பெயர் தெரியாத நோய்க்குப் பெயர் தேடும் வழி

கை மரத்துப்போகிறது, இரண்டு வாரத்தில் சரியாகிவிடுகிறது. சில மாதம் கழித்து ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது, அதுவும் தெளிகிறது. பிறகு மூட்டுவலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. ஒவ்வொரு தடவையும் வேறொரு கிளினிக், வேறொரு மருத்துவர், ஒரு எம்.சி. மேரு தொழிற்பேட்டையில் வேலை செய்பவர் என்றால் கம்பெனியின் பெனல் கிளினிக். இவை யாவும் ஒரே நோயின் துண்டுகளாக இருக்கலாம் என்று சேர்த்துப் பார்க்க யாருமே இல்லாமல் போகிறது.

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே எதிரி என்று நினைத்துத் தாக்குவதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். லூப்பஸ் அந்த வகை. பெண்களுக்கே அதிகம் வரும். தோல், மூட்டு, சிறுநீரகம், மூளை என எதையும் அது தொடும். மயஸ்தீனியா கிராவிஸ் வந்தவருக்குக் காலையில் சரியாக இருக்கும் கண் இமை மாலையில் தொங்கிவிடும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். காலையில் கிளினிக்குக்குப் போனால் மருத்துவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மாலையில் எடுத்த கைப்பேசிப் படம் ஒன்று இருந்தால் பேச்சே மாறிவிடும்.

நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா இன்னும் ஏமாற்றும். கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்கும் இந்நோயைப் பிரெஞ்சு மருத்துவர் டெவிக் 1894இல் விவரித்தார். ஆனாலும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயின் ஒரு வகை என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. 2004இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் இதற்கே உரிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் கண்டறிந்த பிறகுதான் இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸுக்குத் தரும் சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கும் என்பதே பதில். ஒவ்வொரு தாக்குதலும் பார்வையிலோ நடையிலோ மீளாத இழப்பை விட்டுச் செல்லலாம். சிலருக்கு இது நாள்கணக்கில் நிற்காத விக்கலாகவும் வாந்தியாகவும் தொடங்கும். அவர்கள் வயிற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மனநோய் போல வருவதும் உண்டு. 2009இல் நியூயார்க்கில் 24 வயது பத்திரிகையாளர் சூசன்னா கஹலனுக்குச் சந்தேகமும் பிதற்றலும் வலிப்பும் வந்தன. குடியும் வேலைப் பளுவும்தான் காரணம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் சுஹேல் நஜ்ஜார் அவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் எல்லாம் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கிக் கிடந்தன. மூளையின் வலப்பாதி வீங்கியிருக்கிறது என்று அதிலிருந்து அவர் ஊகித்தார். 2007இல்தான் விவரிக்கப்பட்ட ஒரு தன்னெதிர்ப்பு மூளை அழற்சி அது. சிகிச்சைக்குப் பின் கஹலன் வேலைக்குத் திரும்பினார். நம்மவர் வீட்டில் ஓர் இளம்பெண் திடீரென்று இப்படிப் பேசத் தொடங்கினால் செய்வினை என்று சாமியாடியிடம் அழைத்துப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோயிலுக்குப் போக யாரும் தடை சொல்லவில்லை. மருத்துவமனைக்கு முதலில் போக வேண்டும்.

மேருவில் இருப்பவருக்கு வழி அரசாங்க சுகாதார கிளினிக்கில் தொடங்குகிறது. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கே பெறும் ‘சூராட் ருஜுக்கான்’ எனும் பரிந்துரைக் கடிதத்துடன் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குச் செல்லலாம். தேவைப்பட்டால் நரம்பியலுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனை, லூப்பஸ் போன்ற வாத நோய்களுக்குச் செலாயாங் மருத்துவமனை என்று மேலே அனுப்புவார்கள். நிபுணரை மறுமுறை பார்க்க 5 வெள்ளி. தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதற்குள் நிலைமை மோசமானால் கடிதத்துடன் திரும்பிப் போய்த் தேதியை முன்னுக்குக் கொண்டுவரக் கேட்க வேண்டும். பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை.

கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தால் போதும். என்ன தொல்லை, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, முழுதாகச் சரியானதா, என்ன மருந்து சாப்பிட்டது, இவ்வளவுதான். தனியார் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டும். ஏ.என்.ஏ. பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்றால் லூப்பஸ் என்று பயப்பட வேண்டியதில்லை. நலமாக இருப்பவர்களுக்கும் அது வரும். எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால் நோயே இல்லை என்றும் ஆகிவிடாது.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. முதுகுத்தண்டு நரம்பு முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. பின்னர் சில நாள் தலைவலி வரலாம்.

மூட்டுவலிக்கு விற்கும் ‘ஜாமு’, மூலிகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டறிந்து சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது வலியை அமுக்கும், அறிகுறியையும் மறைக்கும். நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும்.

நோயால் வேலை செய்யவே முடியாமல் போனால், அந்நோய் வேலையால் வராததாக இருந்தாலும், சொக்சோவின் செயலிழப்பு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 60 வயதுக்குள் இருக்க வேண்டும், சந்தா நிபந்தனைகள் நிறைவாக வேண்டும். மருத்துவ வாரியம் முடிவு செய்யும். வாரியத்தின் முன் வைக்க அதே நோட்டும் அறிக்கைகளும் தேவைப்படும்.

காலில் தொடங்கி மேலேறும் பலவீனம், மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, ஒரு கண்ணில் திடீர் பார்வை இழப்பு, முதன்முறை வலிப்பு: இவற்றுக்குக் கடிதமும் வேண்டாம், தேதியும் வேண்டாம். 999ஐ அழைக்கலாம், அல்லது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்.