குண்டிக்காயின் வரலாறும் நமது கடமையும்

மனித சரீரத்தின் உறுப்புக்களுள் கண்ணைப் பாடிய புலவர் உளர். இருதயத்தைப் பாடிய புலவர் உளர். கடைசி விலா எலும்புகளின் மறைவிலே, முள்ளந்தண்டின் இருமருங்கும் இருந்து இரவும் பகலும் உழைக்கும் குண்டிக்காய்களைப் பாடுவார் அரியர். சிறுநீரகம் என்று இக்காலத்து நூல்கள் கூறும் அவ்வுறுப்பே, நமது வன்னியிலும் அயலிலுள்ள வடமத்திய மாகாணத்திலும் உழைப்பாளிகள் பலரை வீழ்த்தும் கொடிய நோய்க்கு இருப்பிடமாயிற்று. ஆதலின் இவ்வாண்டு மலரிலே அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் பொருத்தமென எண்ணுகின்றோம்.

முதலில் அதன் தொழிலை நோக்குவோம். வளர்ந்தவர் ஒருவரின் குண்டிக்காய் கைமுட்டியளவினது. நிறை ஏறக்குறைய 150 கிராம். அதனுள்ளே சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள. இருதயம் வெளிவிடும் இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு இவ்விரு உறுப்புக்களுக்கும் செல்கின்றது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீர் வடிக்கப்படுகின்றது. அத்தனையும் வெளியேறுமாயின் நாம் ஒருநாளும் உயிர் வாழோம். குளத்து நீரைத் துருசு திறந்தும் அடைத்தும் காக்கும் கமக்காரனைப் போல, தேகத்துக்கு வேண்டிய நீரையும் உப்பையும் சர்க்கரையையும் குண்டிக்காய் மீட்டுக்கொள்கின்றது. கழிவோடு கூடிய ஒன்று அல்லது இரண்டு லீற்றர் மாத்திரமே சலமாகிச் சலப்பையை அடைகின்றது. இரத்த அமுக்கத்தைச் சீர்ப்படுத்தலும், செங்குருதிக் கலங்கள் உண்டாகத் தூண்டுதலும், எலும்பின் உறுதிக்கு உதவுதலும் அதன் பணிகளேயாம்.

சலத்தைக் கொண்டு நோயை அறியும் முயற்சி மிகப் பழையது. நமது சித்த வைத்தியர்கள் அதன் நிறம், மணம், நுரை முதலியவற்றை நோக்கும் நீர்க்குறியையும், அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் வகையை நோக்கும் நெய்க்குறியையும் கையாண்டனர். தேரையர் பெயரால் இம்முறை போற்றப்படுகின்றது. மேல்நாட்டிலே, இத்தாலியரான மல்பீகி 1666ஆம் ஆண்டில் நுணுக்குக்காட்டியால் குண்டிக்காயின் சிறு உருண்டைகளைக் கண்டு எழுதினார். 1827இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ரிச்சார்ட் பிரைற் என்பார், தேகம் வீங்கிய நோயாளரின் சலத்தைக் கரண்டியில் விட்டுச் சூடாக்க, அது முட்டையின் வெண்கரு போல உறைவதைக் கண்டார். அவர்கள் இறந்தபின் குண்டிக்காய்களைச் சோதித்து, வீக்கத்துக்கும் வெண்கருவுக்கும் அவ்வுறுப்பின் கேட்டுக்குமுள்ள தொடர்பை உலகுக்கு உணர்த்தினார்.

இந்த அறிவு தமிழுக்கு வந்த வரலாறு நாம் பெருமை கொள்ளத்தக்கது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். தமிழருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தல் வேண்டுமெனக் கொண்டு, மேல்நாட்டு அங்காதிபாத நூல்களையும் இரணவைத்திய நூல்களையும் தமிழாக்கி அச்சேற்றினார். சரீர சாஸ்திரத்தைத் தமிழிற் கூறல் இயலாது என்பார்க்கு அந்நூல்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே விடை பகர்ந்துவிட்டன.

குண்டிக்காய் கெட்டால் மரணமே முடிவு என்றிருந்த நிலையை மாற்றியவர் ஒல்லாந்து வைத்தியர் கொல்ப். 1943இல், யுத்த காலத்திலே, இறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயை உருளையொன்றிற் சுற்றி, இரத்தத்தைக் கழுவும் இயந்திரத்தை அவர் அமைத்தார். 1954 டிசம்பர் 23ஆந் தேதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, இரட்டையருள் ஒருவரின் குண்டிக்காயை மற்றவருக்குப் பொருத்தி டாக்டர் ஜோசப் மறே வெற்றி கண்டார். 1990இல் நோபல் பரிசு பெற்றார். தமிழ்நாட்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1971இல் நடைபெற்றது. கண்டியிற் பிறந்து தமிழ்நாட்டின் முதலமைச்சராகிய எம்.ஜி.ஆர். 1984இல் நோயுற்றபோது, அவருடைய தமையனாரின் மகள் தந்த சிறுநீரகமே நியூயோர்க்கில் அவருக்குப் பொருத்தப்பட்டது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1990ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். சலரோகமோ உயர்ந்த இரத்த அமுக்கமோ இல்லாத உழவர்கள், குண்டிக்காய் கெட்டு வைத்தியசாலைக்கு வந்தனர். மதவாச்சி, பதவியா முதலிய இடங்களிலே முதலில் அறியப்பட்ட இந்நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் காணப்படுகின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் அரசாங்கத்தோடு சேர்ந்து நடாத்திய ஆராய்ச்சி 2013இல் வெளியாயிற்று. வடமத்திய, ஊவா மாகாணங்களிற் சோதிக்கப்பட்ட 15 முதல் 70 வயதினருள் ஏறக்குறைய 15 வீதத்தினரிடம் நோயின் அடையாளம் இருந்ததென அது கூறிற்று.

காரணம் யாது? கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் என்பர் சிலர். கட்மியம் என்பர் சிலர். பூச்சிநாசினி, களைநாசினி என்பர் வேறு சிலர். கிளைபோசேற் என்னும் களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு மாத்திரம் விலக்களிக்கப்பட்டு, 2022இல் தடை நீங்கிற்று. கடும் வெயிலில் நீரின்றி உழைப்பதும் ஒரு காரணமென்பர். எல் சல்வடோர் நாட்டுக் கரும்பு வெட்டுவோரிடமும், ஆந்திரத்து உத்தானம் பகுதியிலும் இதனையொத்த நோய் உண்டு. ஒரே காரணம் இதுதானென்று எவராலும் இன்னும் அறுதியாக நிறுவப்படவில்லை. பல கேடுகள் ஒருங்கு கூடியே இதனை விளைக்கின்றன என்பதே பலரின் கருத்து.

காரணம் முடிவாகும்வரை கைகட்டியிருத்தல் அறிவாகாது. இந்நோயின் கொடுமை அதன் மௌனமே. குண்டிக்காயின் பெரும் பகுதி அழியும்வரை நோவும் இல்லை, வீக்கமும் இல்லை. உடல்நலத்தோடு இருக்கின்றோம் என்று எண்ணும்போதே சலத்தில் வெண்கருவையும் இரத்தத்தில் கிரியாற்றினினையும் சோதித்தல் வேண்டும். சலரோகமும் இரத்த அமுக்கமும் உடைய பெரியோர் இதில் அசட்டை செய்யலாகாது.

வயலுக்குச் செல்லும் இளைஞர் நல்ல நீரை உடன் கொண்டு செல்க. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க முயல்க. நாசினி தெளிப்போர் முகமும் கையும் மூடித் தெளிக்க. உடல் நோவுக்கு வைத்தியரைக் கேளாது மாத்திரை விழுங்கும் வழக்கம் குண்டிக்காய்க்கு நஞ்சாகும். ஈசுரமூலி இனத்துப் பூண்டுகளிலுள்ள அமிலமும் அவ்வாறே கெடுக்குமென்பது பல்கன் நாடுகளிற் கண்ட பாடம். எலிக்காய்ச்சலும் கண்ணாடி விரியன் கடியும் சில நாட்களிலேயே குண்டிக்காயைச் செயலிழக்கச் செய்ய வல்லன. இவ்விரண்டுக்கும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதலே வழி. நோய் கண்டவரோ, நீரையும் உணவையும் வைத்தியர் சொல்லும் அளவின்படியே கொள்ளல் வேண்டும்.

இன்னுமொன்று உண்டு. நோயுற்றவர் வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் அஞ்சுவோரும், அவரோடு ஒருங்கிருந்து உண்ணக் கூசுவோரும் உளர். இது தொற்றுநோயன்று. இரத்தம் கழுவுதற்குக் கிழமைதோறும் நெடுந்தூரம் செல்லும் ஒருவருக்குத் துணையாகச் செல்வதும், அவர் வயலில் ஒருநாள் வேலை செய்து கொடுப்பதும் இளைஞர் எளிதிற் செய்யக்கூடிய தொண்டுகளாம். கனகராயன் ஆறும் குளங்களும் நம்மை வாழ்விப்பன. அந்நீரைத் தூய்தாகக் காத்து, அதனை உண்டு உழைப்போரையும் காத்தல் நம் அனைவரதும் கடமையென உணர்வோமாக.