மலர் ஒளிப்படக் கலை

தோட்டத்திலும் காட்டுவெளியிலும் பூக்களைப் படமெடுக்கும் கலை. பூவைச் சட்டகம் முழுக்க நிரப்பிப் பின்புலத்தை மங்கவிடுவதே இதன் இலக்கணம் என்று பலர் எண்ணுகிறார்கள். தோட்டத்து ரோஜாவுக்கு அது போதும். பெயர்ப்பலகை பக்கத்திலேயே இருக்கும். காட்டுப்பூவுக்குப் போதாது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் மூணாறுப் பகுதியில் மலர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் பேரினத்தைச் சேர்ந்த வேறு பல இனங்களும் உண்டு. இதழை மட்டும் காட்டும் படத்தைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிவது கடினம்; இலை, தண்டு, பூங்கொத்தின் அமைப்பு, செடி நிற்கும் புல்வெளி எல்லாம் தெரிய வேண்டும். செங்காந்தளுக்கு இலைநுனியில் சுருளும் பற்றுக்கம்பியே நல்ல அடையாளம். அதன் பூவோ பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கிச் சிவப்பாகிவிடும். எனவே ஒற்றைப் படம் பாதி உண்மைதான்.

கலைப்படத்துக்கு ஆவணப் பொறுப்பு எதற்கு என்று கேட்கலாம். ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் தாவர உறுப்புகளைத் தனித்துப் பிரித்து, பெரிதாக்கிக் காட்டிய படங்கள் 1928இல் நூலாகிப் புகழ்பெற்றன. வலுவான சான்றுதான். ஆனால் அவர் வடிவமைப்பு மாணவர்களுக்கு வடிவத்தைக் கற்பிக்க எடுத்தவை அவை. வாழிடம் அங்கே தேவைப்படவில்லை. மலைச்சரிவில் நிற்பவருக்கு அந்த விலக்கு இல்லை. அண்மைப்படத்துக்கு முன், புல்லை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, முழுச்செடியையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.