அடித்தட்டில் எழுதியிருப்பது

துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யும் 'டைகாஸ்ட்' சிற்றுருக் கார்களைச் சேகரிப்பது சிறுபிள்ளைத்தனம் என்று கல்விப்புலத்தில் பலர் கருதுகின்றனர். அவை வரலாற்று ஆவணங்கள் என்பது என் கருத்து. ஆனால் எல்லா ஆவணங்களையும் போல அவையும் சிலவற்றைச் சொல்கின்றன, சிலவற்றை மறைக்கின்றன. 'ஹாட் ஹேட்ச்' எனப்படும் வேகக் கார்களின் சிற்றுருக்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய குடும்பக் காரில் வலிய எஞ்சினைப் பொருத்துவதே இவ்வகையின் அடிப்படை. 1976இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ அதற்கு இலக்கணம் வகுத்தது: 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன். 5,000 கார்கள் போதும் என்று தொடங்கிய நிறுவனம், முதல் தலைமுறையில் மட்டும் 4,60,000க்கும் மேற்பட்ட கார்களை விற்றது. 1984இல் பியூஜோ 205 ஜிடிஐ வந்தது.

ஆயினும், மேட்ச்பாக்ஸ் சிற்றுருவாக்கத் தேர்ந்தது ராலிப் பந்தயத்துக்கான 205 டர்போ 16ஐ. தோற்றத்தில் மட்டுமே அது குடும்பக் கார். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது. நான்கு சக்கரங்களும் இயங்கின. அன்றைய 'குரூப் பி' விதி கோரியபடி 200 கார்கள் கட்டப்பட்டன. உலகெங்கும் சிறுவர்களின் உள்ளங்கையில் ஓடியது இந்த அரிய கார்; தெருவில் ஓடிய 205 அன்று.

அக்காரைத் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். செப்பேட்டை வாசிப்பவர் ஊரையும் ஆண்டையும் முதலில் தேடுவது போலவே இங்கும் தேட வேண்டும். மேட்ச்பாக்ஸை உருவாக்கிய லண்டன் லெஸ்னி நிறுவனம் 1982இல் நொடித்தது. ஹாங்காங் நிறுவனமொன்று அதை வாங்க, உற்பத்தி மக்காவுக்குப் பெயர்ந்தது. பிரெஞ்சுக் கார், பிரிட்டன் பெயர், ஹாங்காங் உடைமை, மக்காவ் உழைப்பு: பிரிட்டனில் தொழிற்சாலைகள் மூடப்பட்ட காலத்தின் கதை ஓர் அங்குல உலோகத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: அங்குள்ள ஆண்டு பெரும்பாலும் வடிவமைப்பின் ஆண்டே, வார்த்த ஆண்டு என்று மயங்கலாகாது.

மறைக்கப்பட்டது எது? 205 டர்போ 16 1985, 1986 ஆண்டுகளில் உலக ராலி நிறுவனப் பட்டத்தை வென்றது. அதே 1985இல் அர்ஜென்டினாவில் அக்காரை ஓட்டிய ஆரி வட்டனென் விபத்தில் உயிர்போகும் நிலைக்குச் சென்று மீண்டார். 1986 மே 2 அன்று கோர்சிகாவில் லான்சியா காரில் சென்ற ஹென்ரி டொய்வொனெனும் செர்ஜியோ கிரெஸ்டோவும் மாண்டனர். அத்துடன் 'குரூப் பி'க்கு முடிவு எழுதப்பட்டது. சிற்றுரு வெற்றியின் வண்ணங்களை வைத்துக்கொண்டது, விலையைச் சொல்லவில்லை. புகையிலை நிறுவனங்கள் பணம் கொடுத்த பந்தயக் கார்களின் சிற்றுருக்கள் பலவும் இன்று அப்பெயர்களின்றியே வருகின்றன. காரணம் நியாயமானது, எனினும் ஆவணத்தில் ஒரு வரி அழிந்திருக்கிறது.

இந்தியாவில் இவ்வரலாறு தலைகீழானது. போலோ ஜிடிஐ 2016இல் வந்தபோது 99 கார்களே ஒதுக்கப்பட்டன. கோல்ஃப் ஜிடிஐ வந்தது 2025இல்தான். நம்மவர்க்குச் சிற்றுருவே முதலில் வந்தது. அது நினைவுப்பொருளாக வரவில்லை, ஆசையாக வந்தது. இந்த ஆசையின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்பதே என் ஆதங்கம்.

சேகரிப்பாளர் சந்தை, பெட்டி பிரிக்காத பொருளுக்கே உயர்ந்த விலை தருகிறது. வரலாற்று மாணவருக்கோ வண்ணம் உதிர்ந்து அச்சு வளைந்த கார்தான் கூடுதலாகப் பேசும். வீட்டுப் பரணில் அப்படியொன்று கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். யார், எங்கே, எந்த ஆண்டு வாங்கித் தந்தார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அடித்தட்டு அதைச் சொல்லாது.