மலையே மதில் – 9: பல்லக்கில் வந்தவர்

சென்ற வாரம்: 1665 மார்ச் 3. சிவாஜியை அடக்க ஔரங்கசீப் அனுப்பிய ராஜா ஜெய்சிங் புனே வந்து சேர்ந்தார். அங்கே லால் மஹாலில் மொகலாயத் தளபதி ஷாயிஸ்தா கான் சிவாஜியிடம் விரல்களைப் பறிகொடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஜெய்சிங் அதே ஊரில் சொகுசாகத் தங்கும் ஆளில்லை. தென்கிழக்கே சாஸ்வடை நோக்கிப் படையை நகர்த்தினார். அவர் குறிவைத்தது புரந்தர் கோட்டை.

இன்று புனேயிலிருந்து திவே காட் ஏறி, சாஸ்வட் தாண்டி, நாராயண்பூர் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் அடிவாரம் வந்துவிடும். கோட்டை ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. அடையாள அட்டை இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். மேலே போய் பிரான்சின் கார்கசோன் போல இரட்டை மதிலும் ஐம்பத்து இரண்டு கோபுரங்களும் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். கார்கசோனில் மனிதன் கட்டிய சுவர் ஊரைக் காத்தது. புரந்தர் நிற்கும் சஹ்யாத்ரி மலைத்தொடரில் மலையைக் காக்க மனிதன் கொஞ்சம் சுவர் சேர்த்தான், அவ்வளவுதான். புரந்தரில் உச்சியில் இருப்பது பாலேகில்லா. அதற்குக் கீழே மலையின் இடுப்பைச் சுற்றி ஓடும் அகலமான படி மாச்சி. படையும் குடும்பங்களும் தானியமும் இருந்தது மாச்சியில்தான்.

இந்த அமைப்பில் ஒரே ஒரு ஓட்டை. கிழக்குப் பக்கம் ஒரு முதுகெலும்பு நீண்டு இன்னொரு சிகரத்தில் முடிகிறது. அதன் மேல் வஜ்ரகட் என்ற சின்னக் கோட்டை. அங்கே பீரங்கி ஏறிவிட்டால் புரந்தரின் மாச்சி அதன் வாய்க்கு நேராக வந்துவிடும்.

ஜெய்சிங் இதைக் கண்டுபிடிக்க நாள் ஆகவில்லை. அவருடைய தளபதி திலேர் கானின் பட்டாணியர் படை மலையேறியது. அப்துல்லா கான், ஃபத்தே லஷ்கர் என்று மனிதர்களைப் போலப் பெயர் வைத்த கனத்த பீரங்கிகளைச் செங்குத்தான சரிவில் இழுத்தார்கள். ஒவ்வொன்றையும் மேலேற்ற நாள்கணக்கில் ஆனது. ஏப்ரல் 14 அன்று வஜ்ரகட் விழுந்தது. சரணடைந்த வீரர்களை ஜெய்சிங் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய மூளை தெரிகிறது. வெட்டவில்லை, சிறைவைக்கவில்லை. தலைவர்களுக்குப் பட்டாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார். 'வாசலைத் திறந்தால் இதுதான் நடக்கும்' என்று பக்கத்து மலைக்குச் சொன்ன சேதி அது. பீரங்கியைவிட எனக்கு இந்தப் பட்டாடைதான் பயங்கரமாகப் படுகிறது.

பக்கத்து மலை மசியவில்லை. கோட்டைக் காவலர் முராரபாஜி தேஷ்பாண்டே எழுநூறு பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வாசலைத் திறந்து வெளியே பாய்ந்தார். எதிரே திலேர் கானின் ஐயாயிரம் பேர். வெட்டிக்கொண்டே திலேர் கான் நின்ற இடம்வரை வந்துவிட்டாராம். அந்த வீரத்தைப் பார்த்த கான், 'உயிரோடு விடுகிறேன், எங்கள் பக்கம் வா' என்று அழைக்க, மறுத்து முன்னேறிய முராரபாஜியைக் கானின் அம்பே வீழ்த்தியது.

இதை நமக்குச் சொல்வது சபாசத் பகர். சிவாஜியைப் பற்றிய பழைய மராத்தி வரலாறுகளில் முதல் வரிசை நூல். கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் இதை எழுதிய இடம் புனேயும் இல்லை, ராய்கடும் இல்லை. நம் செஞ்சி! 1690களில் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில், மொகலாய முற்றுகைக்குள் அடைபட்டிருந்தபோது எழுதவைத்த நூல். முற்றுகையில் இருப்பவர்கள் முப்பது வருஷத்துக்கு முந்தைய இன்னொரு முற்றுகையை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். எழுநூறு, ஐயாயிரம் என்ற எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. முராரபாஜி அங்கே விழுந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

தலைவன் போனபிறகும் கோட்டை தாக்குப்பிடித்தது. ஆனால் ஜூன் பிறந்தபோது மாச்சியின் கொத்தளங்கள் ஒவ்வொன்றாக மொகலாயர் கைக்குப் போயிருந்தன. இன்னும் சில நாளில் மழை இறங்கிவிடும். சஹ்யாத்ரி மழையில் வெடிமருந்தும் நனையும், பாளையமும் மிதக்கும். அதுவரை ஓட்டிவிட்டால் போதும் என்று மேலே இருந்தவர்கள் வானத்தைப் பார்த்திருப்பார்கள்.

சிவாஜியால் அந்தச் சூதாட்டத்தை ஆட முடியவில்லை. மராத்தாத் தளபதிகளின் மனைவி மக்கள் அடைக்கலம் புகுந்திருந்தது புரந்தரில்தான். கோட்டை வாள்முனையில் விழுந்தால் அவர்கள் கதி என்ன? சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி பிறந்ததும் இதே மலையில், 1657-ல்.

ஜூன் 11 காலை, ஜெய்சிங்கின் கூடாரத்துக்கு ஒரு பல்லக்கு வந்தது. கூட ஆறு பிராமணர்கள் மட்டும். சிவாஜி ஆயுதம் இல்லாமல் இறங்கினார்.

ஜெய்சிங் எழுந்து தழுவி, பக்கத்தில் உட்காரவைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து புரந்தரின் சரிவு தெளிவாகத் தெரியும். சரியாக அந்நேரம் திலேர் கானும் ஜெய்சிங்கின் மகன் கீரத் சிங்கும் கோட்டையைத் தாக்கத் தொடங்கினார்கள். எல்லாம் முன்பே சொல்லிவைத்த ஏற்பாடு. தன் ஆட்கள் சாவதைப் பார்த்துக்கொண்டே சிவாஜி பேரம் பேச வேண்டும்! வீண் கொலை வேண்டாம், கோட்டையைத் தருகிறேன் என்றார் அவர். சண்டையை நிறுத்த ஆள் ஓடியது.

நள்ளிரவுவரை பேச்சு. முடிவில் 35 கோட்டைகளில் 23 பாதுஷாவுக்கு. அவற்றின் வருமானம் வருஷத்துக்கு நாலு லட்சம் ஹோன், நம் ஊர்க் கணக்கில் வராகன். சிவாஜிக்கு மிஞ்சியவை 12 கோட்டைகள், ஒரு லட்சம் ஹோன். எட்டு வயது சம்பாஜிக்கு ஐயாயிரம் குதிரை மன்சப் என்ற மொகலாயப் பதவி. போன 23-ல் புரந்தரும் உண்டு, பின்னால் சிங்ககட் என்றே உலகம் அறியப்போகிற கொண்டாணாவும் உண்டு.

அந்தப் பாளையத்தில் மனூச்சி என்ற வெனிஸ் இளைஞர் ஒருவரும் இருந்தார். பிற்காலத்தில் சென்னைக்கு வந்து, பறங்கிமலையில் தோட்டவீடு வைத்துக் குடியிருந்த அதே நிக்கோலோ மனூச்சிதான். ராஜாவோடு சீட்டாடுவாராம், சிவாஜியோடு பேசினாராம். ஐரோப்பாவில் போர்த்துக்கல் ராஜாவைத் தவிர வேறு ராஜா இல்லை என்று சிவாஜி எண்ணியிருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். மனூச்சிக்குத் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் கூச்சமே கிடையாது, கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

மறுநாள் ஏழாயிரம் பேர் கோட்டையை விட்டு இறங்கினார்கள். அவர்களில் நாலாயிரம் பேர் வீரர்கள். எல்லாம் சுமுகமாக முடிந்தது போலத்தான் தோன்றியது.

ஒருவரைத் தவிர. இரண்டரை மாதம் மலையில் ரத்தம் சிந்தியது திலேர் கான். கோட்டையை வாங்கிய பெயரோ கீழே கூடாரத்தில் உட்கார்ந்திருந்த ஜெய்சிங்குக்கு! கான் கொதித்துக்கொண்டிருந்தார். அவரைச் சமாதானப்படுத்த ஜெய்சிங் கண்டுபிடித்த வழி, சிவாஜியையே அவரிடம் அனுப்பிவைப்பது.

மொகலாயப் படையின் ராய் சிங் துணைக்கு வர, யானை மேல் சிவாஜி புறப்பட்டார். போவது முராரபாஜியைக் கொன்றவரின் பாளையத்துக்கு. போகும்போது இடுப்பில் ஒரு கத்திகூட இல்லை. திரும்பும்போது அவருக்கென்று ஒரு வாள் இருந்தது. அது யாருடைய வாள்?

(தொடரும்)